நான்கு பொத்தான், நான்கு நிறம்

வில்லெம் ஐந்தோவன் நெதர்லாந்தின் லைடன் நகரில் 1900களின் தொடக்கத்தில் உருவாக்கிய, இதயத்தின் மின்சாரத்தைப் பதியும் ஈசிஜி கருவியின் எடை சுமார் 270 கிலோ. அதை இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் விட்டபடி ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியோ ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கருவியை அங்கே கொண்டுபோக வழியில்லாததால், தொலைபேசிக் கம்பி வழியாக இதயத் துடிப்பின் சமிக்ஞையை ஆய்வகத்துக்கு வரவழைத்தார். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு கருவி சுருங்கிச் சுருங்கித் தள்ளுவண்டிக்கு வந்தது. பொத்தான்கள் மட்டும் பெருகின. அவற்றைக் குறைத்தது பெங்களூரு. ஜி.இ. (ஜெனரல் எலக்ட்ரிக்) நிறுவனத்தின் பொறியாளர்கள் அங்கே வடிவமைத்த மேக் 400 கருவியில் நான்கே பொத்தான்கள். பெரிய அச்சுப்பொறிக்குப் பதில், கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற மிஷினில் இருப்பது போன்ற குட்டி அச்சுப்பொறி. பேட்டரியிலும் ஓடும், தோள்பையில் அடங்கும். வழக்கமான கருவி 2,000 டாலர் விற்றபோது இது 800 டாலர்.

இந்தச் சுருக்கத்தின் அருமை கேரள மலையிலுள்ள வட்டவடை போன்ற ஊரில்தான் தெரியும். அங்கே கோவிலூரில் பூண்டுத் தோட்டத்தில் நிற்கிறவருக்கு நெஞ்சு அடைத்தால், மூணாறு சுமார் 45 கிலோமீட்டர். பாம்பாடும் சோலை, டாப் ஸ்டேஷன் என்று வளைவுக்கு மேல் வளைவு. கிளம்பும் முன்பே வந்திருப்பது மாரடைப்பா என்று தெரிந்தால், எந்த ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுவது என்று முடிவெடுக்கலாம்.

ஆனால் பொத்தானைக் குறைத்ததைப் பற்றிய புகழ்ச்சி கொஞ்சம் அதிகம் என்பது என் எண்ணம். தவறு நடக்கிற இடம் பொத்தான் அல்ல, உடலில் மாட்டும் கம்பி. வலது மணிக்கட்டுக்குச் சிவப்பு, இடதுக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. எதிரே நிற்கும் நர்ஸுக்கு நோயாளியின் வலது, தன் இடப்பக்கம். அவசரத்தில் சிவப்பும் மஞ்சளும் இடம் மாறினால், இதயமே வலப்பக்கம் இருப்பதுபோல் தாளில் முதல் வரி தலைகீழாக விழும். போதாக்குறைக்கு அமெரிக்க வழக்கில் பச்சை வலது காலுக்கு! உலகத்துக்கு ஒரே நிறவரிசை வைக்க இன்னும் யாருக்கும் மனசு வரவில்லை.

மலையில் இன்னொரு தொல்லை, குளிர். நோயாளி நடுங்கினால் தசையின் மின்சாரமும் தாளில் ஏறி, கோடு ரம்பப் பல்லாகிவிடும். கருவியில் வடிகட்டி உண்டு. ஆனால் அது நடுக்கத்தோடு சேர்த்து இதயக் கோட்டின் நுண்ணிய வளைவுகளையும் மழுக்கும். கம்பளியைப் போர்த்திக் கொஞ்சம் சூடேறவிட்டு எடுப்பதே மேல். மார்பிலும் ஆறு இடத்தில் கம்பி ஒட்ட வேண்டியிருப்பதால், பெண்களுக்கு ஒரு திரையும் வேண்டும்.