தாய்வீடு இல்லாத் தலைப்பிரசவம்: மலாயாத் தோட்டப்புறத் தமிழ்க் குடும்பங்களும் பச்சிளங்குழந்தைகளும்

முன்னுரை

மலாயாத் தமிழர் குடியேற்ற வரலாறு பெரும்பாலும் ஆண்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கப்பலேறியோர் தொகை, நாட்கூலி, இரப்பர் விலை, வேலைநிறுத்தம் ஆகியனவே அவ்வரலாற்றின் தூண்களாக அமைந்துள்ளன. ஆயினும், பெயர்ந்து வந்த ஒரு சமூகம் வந்த மண்ணிலேயே வேரூன்றுவது அங்கே பிறக்கும் முதற் குழந்தையோடுதான். அக்குழந்தையை ஈன்று வளர்த்த நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்படிப்பின் பொருட்டுக் குளிர்நாடு ஒன்றில் குடும்பத்துடன் தங்கியிருந்த காலத்தில் நமக்கு முதற் குழந்தை பிறந்தது. நள்ளிரவில் வீறிட்டு அழும் பிள்ளைக்குப் பசியா வயிற்றுவலியா என்று கேட்டறிய மூத்த பெண் ஒருவர் அருகில் இல்லாத நிலையை அன்று உணர்ந்தோம். நமக்கேனும் தொலைபேசி இருந்தது. நம் பாட்டிமார்க்கு அதுவும் இருந்ததில்லை என்ற எண்ணமே இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாயிற்று.

குடும்பமாக மாறிய குடியேற்றம்

தொடக்கக் காலத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தோருள் மிகப் பெரும்பாலோர் தனி ஆண்களே. 1910 இல் இந்திய ஒப்பந்தக் கூலிமுறை நிறுத்தப்பட்டது. அதற்கு முன்னரே பரவியிருந்த கங்காணி முறை உறவினரையும் ஊராரையும் கூட்டாக அழைத்து வந்தமையால், பெண்கள் வருகை சிறிது சிறிதாகப் பெருகியது. எனினும் 1921 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போதும் மலாயா இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 400 பெண்களே இருந்தனர். இந்த எண்ணிக்கை வேறொன்றையும் உணர்த்துகிறது. மனைவியோடு வந்தவன் பேறு பெற்றவன். ஆனால் அம்மனைவிக்குத் துணையாகத் தாயோ மாமியாரோ வருவது அரிது.

தமிழர் வழக்கில் தலைப்பிரசவம் தாய்வீட்டுக்கு உரியது. வளைகாப்பு முடிந்து மகளை அழைத்துச் செல்வதும், பேற்றுக்குப்பின் பத்தியம் காத்து மருந்து இடித்துக் கொடுப்பதும் தாயின் கடமை. பிறந்த பிள்ளைக்குச் சீர் செய்வது தாய்மாமன் உரிமை. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கிடந்த கடல் இவ்வுறவுகளையெல்லாம் ஒருசேரத் துண்டித்தது. அவற்றின் இடத்தை நிரப்பியது லயம். அடுத்த வீட்டுப் பெண் அக்காள் ஆனாள். அனுபவம் முதிர்ந்தவள் மருத்துவச்சி ஆனாள். ஒரே கப்பலில் வந்தவர் மாமன் முறை கொண்டாடினார். இரத்த உறவு இல்லாத இடத்தில் முறைப்பெயர்களைக் கொண்டே உறவை உண்டாக்கிக்கொண்ட இம்முயற்சி, தோட்டப்புறச் சமூக அமைப்பின் அடித்தளம் எனலாம்.

பிரட்டுக்களமும் ஆயாக் கொட்டகையும்

பால்மரத்தில் பால் நன்கு வடிவது வெயில் ஏறுமுன்னரே. எனவே விடியுமுன் பிரட்டுக்குச் செல்லவேண்டிய கட்டாயம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாகவே இருந்தது. கூலி மட்டும் ஒன்றாக இல்லை. 1920களின் பிற்பகுதியில் எளிதில் சென்றடையக்கூடிய தோட்டங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. அந்த 40 காசு இன்றிக் குடும்பம் நடத்துதல் அரிதாகையால், பிள்ளை பெற்றவள் விரைவிலேயே உளியைக் கையில் எடுக்க வேண்டியவளானாள்.

அவ்வேளையில் குழந்தை எங்கே? இக்கேள்விக்கு விடையாக எழுந்ததே ஆயாக் கொட்டகை. இருள் பிரியுமுன் தாய்மார் தத்தம் குழந்தைகளைக் கொண்டுவந்து விட, மூங்கிலிலும் உத்திரத்திலும் வரிசையாகத் தொங்கும் சேலைத் தூளிகளை ஓரிரு ஆயாக்கள் ஆட்டிக்கொண்டிருப்பர். வெட்டு மரங்களை நம்பிச் செல்லும் தாய், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துத் திரும்பும்வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் இல்லை. கொட்டகை இல்லாத தோட்டங்களில் இரப்பர் மரங்களுக்கிடையே தூளி கட்டிவிட்டு வேலை செய்தோரும் உண்டு.

தாய்ப்பால் இல்லாத அம்மணி நேரங்களில் இடம் பிடித்தது டின் பால். 1939 இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ஆற்றிய உரையில், இனிப்பூட்டிய கெட்டிப்பாலைக் குழந்தை உணவாக விளம்பரப்படுத்துவதைக் கொலைக்கு நிகராகக் கண்டித்தார். அவர் சுட்டியது சிங்கப்பூர் நகரக் குழந்தைகளின் நிலை. ஆயினும் தாயை நேரக் கணக்கில் பிள்ளையிடமிருந்து பிரித்த தோட்டத் தொழில்முறைக்கும் அக்கண்டனம் பொருந்துவதே. தாய்மாரின் அறியாமையே குழந்தை இறப்புக்குக் காரணம் என்று அக்கால அதிகாரிகள் கூறும்போது, மலேரியாவும் கொக்கிப் புழுவும் சோகையும் பீடித்த உடலோடு அத்தாய்மார் வேலைக்குச் சென்றதை அவர்கள் போதிய அளவு கருதவில்லை என்பது நம் கருத்து.

சட்டமும் தேவையும்

1922 ஆம் ஆண்டு இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை அடுத்து, 1923 இல் இந்திய அரசின் முகவர் ஒருவர் மலாயாவில் அமர்த்தப்பட்டார். அதே ஆண்டில் வெளிவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு மகப்பேற்றுப் படி, குழந்தைக் காப்பிடம், தோட்டப் பள்ளி ஆகியவற்றை முதலாளியின் கடமைகளாக வகுத்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி அமைக்க வேண்டும் என்ற விதியே தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகக் காரணமாயிற்று. தூளியில் பிழைத்த பிள்ளைகளே பள்ளிக்கு வந்தனர் என்பதை நினைவிற்கொண்டால், ஆயாக் கொட்டகைக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் உள்ள தொடர்பு விளங்கும்.

இவ்விதிகள் இரக்கத்தால் மட்டும் எழுந்தவை அல்ல. இந்தியாவிலிருந்து ஆள் தாராளமாகக் கிடைத்தவரை, தோட்டத்தில் பிறக்கும் குழந்தை முதலாளிக்குச் செலவாகவே தோன்றியது. 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஆனால் 1938 இல் இந்திய அரசு உதவி பெற்ற கூலிக் குடிபெயர்வைத் தடைசெய்ததும் நிலைமை மாறியது. தோட்டத்தில் பிறந்த குழந்தையே இனி நாளைய தொழிலாளி. செலவாகக் கருதப்பட்ட உயிர் அன்று முதலீடாகக் கருதப்பட்டது.

இம்மாற்றம் நிலைபெறுமுன் போர் வந்தது. 1942க்கும் 1945க்கும் இடையே ஆண்கள் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அரிசி அருகிய காலத்தில் மரவள்ளிக்கிழங்கை உண்டு, கைக்குழந்தையோடு தனித்து நின்ற பெண்களின் துயரம் இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை.

பிறப்புச் சான்றிதழ் என்னும் வேர்

1957 இல் நாடு விடுதலை பெற்றபோது குழந்தையின் பிறப்பு புதிய பொருளைப் பெற்றது. மெர்டேக்கா நாளிலிருந்து இந்நாட்டில் பிறந்தோர் சட்டப்படி குடிமக்களாயினர். 1962 இல் இவ்விதி திருத்தப்பட்டபின், பொதுவாகப் பெற்றோரில் ஒருவரேனும் குடியுரிமையோ நிரந்தர வசிப்பிடத் தகுதியோ பெற்றிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. எங்கே, எப்போது, யாருக்குப் பிறந்தது என்பதைக் காட்டும் ஒரு தாளே ஒரு வாழ்வின் உரிமையைத் தீர்மானிப்பதாயிற்று.

லயத்து அறையில் மருத்துவச்சியின் கையில் பிறந்த பிள்ளைக்கு அத்தாள் எளிதில் கிட்டவில்லை. எழுதப் படிக்க அறியாப் பெற்றோர் பதிவுப் பணியைக் கிராணியிடம் ஒப்படைத்தனர், பெயர்கள் திரிந்தன, சில பிறப்புகள் பதியப்படாமலே போயின. 1969 இல் வேலை பெர்மிட் முறை நடப்புக்கு வந்தபோது, குடியுரிமை பெறாத பல்லாயிரம் இந்தியத் தொழிலாளர் நாடு திரும்ப நேர்ந்தது. அச்சிக்கலின் நிழல் இன்னும் நீங்கவில்லை. 2011 இல் ஆவணமற்ற இந்தியர்களுக்கென ‘மைடஃப்தார்’ பதிவு இயக்கம் நடத்தப்பட்டதே இதற்குச் சான்று.

முடிவுரை

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாகிவிட்டன. ஆயாக் கொட்டகைகளும் மறைந்தன. தனியார் துறைத் தாய்மாருக்கு இருந்த 60 நாள் மகப்பேற்று விடுப்பு 2023 முதல் 98 நாளாக உயர்ந்துள்ளது. பிறந்த சில நாட்களில் பிள்ளையைப் பிறர் கையில் விட்டுச் சென்ற தலைமுறையை எண்ணும்போது இதன் அருமை புலனாகும்.

ஆயாக் கொட்டகையில் பிள்ளை வளர்த்த முதியோர் நம்மிடையே ஒரு சிலரே எஞ்சியுள்ளனர். அவர்தம் நினைவுகளை ஒலிப்பதிவு செய்து தொகுப்பது நம் துறை மாணவர் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். மலாயாத் தமிழர் வரலாற்றில் கப்பற் பதிவேடுகளுக்கு இருக்கும் இடம் அத்தூளிகளுக்கும் உரியது.