கூலிக்காரருக்கு முதல் வரிசை: குவைத் நஷ்டஈடு பிறந்த கதை

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் நஷ்டஈட்டைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிக்காக 1950-களில் தொடங்கி இன்றுவரை நிலம் எடுக்கப்பட்டு வரும் பகுதி இது. எந்த ஊரில் ஏக்கருக்கு என்ன விலை போட்டார்கள், யார் வீட்டில் வேலை கிடைத்தது, யார் வழக்குப் போட்டுக் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். எல்லாக் கணக்கும் பட்டாவில் ஆரம்பிக்கும். 1894-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உள்ளவருக்குத்தான் ஈடு கொடுத்தது. அதே நிலத்தில் நாற்று நட்டவருக்கும் களை எடுத்தவருக்கும் அதில் இடமில்லை. 2013-இல் வந்த புதிய சட்டம்தான், பிழைப்பை இழந்தவர்களையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்று எழுதியது.

அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் முன்பே, நிலமும் கடையும் சொந்த வீடும் இல்லாத கூலிக்காரரை வரிசையின் முதலில் நிறுத்திய ஒரு நஷ்டஈடு ஜெனீவாவில் பிறந்துவிட்டது. அரபு நாடுகளில் போர் முடிந்தபின் என்ன செய்ய வேண்டும் என்று இன்று மாநாடு கூட்டிப் பேசுகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பணத்தில் தங்கை கல்யாணம் நடந்த வீடுகளும், ஓட்டுக் கூரை மாறித் தளம் போட்ட வீடுகளும் தமிழ்நாட்டில் இருப்பதால் நாம் மறக்கக் கூடாது.

எண்பதுகளில் இது தென்னார்க்காடு மாவட்டம். குறிஞ்சிப்பாடியில் தறியில் கைலி நெய்து வந்த கூலி, வீட்டுக்கு ஓயாமல் வரும் செலவுக்குப் போதவில்லை. பக்கத்து நெய்வேலியில் ஒப்பந்தக்காரரிடம் வெல்டிங்கும் ஃபிட்டர் வேலையும் கற்ற பையன்களுக்கு வளைகுடாவில் மதிப்பு இருந்தது. ஏஜெண்டுக்குக் கொடுக்க அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். பரங்கிப்பேட்டைப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்குக் கடல்கடந்த தொழில் தலைமுறை வழக்கம். உள்ளூர் நெசவாளர், விவசாயி வீட்டுப் பையன்களுக்கு அது புதிது. இப்படி இந்தியா முழுவதிலிருந்தும் போய், 1990-இல் குவைத்தில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் இருந்தார்கள்.

1990 ஆகஸ்ட் 2 அதிகாலையில் ஈராக் அதிபர் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்தது. சில மணி நேரத்தில் அரசு கவிழ்ந்தது, வங்கிகள் மூடின. குவைத் தினாரை ஈராக் தினாருக்குச் சமம் என்று அறிவித்ததில், பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்த சேமிப்பும் மதிப்பிழந்தது. பாஸ்போர்ட் முதலாளியின் அலமாரியில் கிடக்க, முதலாளியோ சவூதிக்கு ஓடிவிட்டார். வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய்ச் சதாமைச் சந்தித்தார். இருவரும் தழுவிக்கொண்ட படம் உலகம் முழுக்கக் கண்டனத்துக்கு ஆளானது. நம் ஆட்கள் வெளியே வர அந்தச் சந்திப்பு வழி திறந்தது என்பதால், அந்தப் படத்துக்காக நான் குஜ்ராலைக் குறை சொல்ல மாட்டேன். குவைத்திலிருந்து பஸ்ரா, பாக்தாத் வழியாகப் பேருந்தில் ஜோர்டான் எல்லை; பாலைவனக் கூடாரங்களில் காத்திருப்பு; பிறகு அம்மானிலிருந்து பம்பாய்க்கு விமானம். ஆகஸ்ட் 13-இல் தொடங்கி அக்டோபர் 11 வரை ஏர் இந்தியா 488 விமானங்களில் 1,11,711 பேரைக் கொண்டுவந்தது. திரும்பி வந்தவர்கள் கையில் அநேகமாக ஒரு பை மட்டும் இருந்தது. ஊரில் கடன் அப்படியே இருந்தது.

நஷ்டஈட்டின் விதை, போர் முடிவதற்கு முன்பே, ஏன், நேச நாட்டுப் படைகளின் தாக்குதல் தொடங்குவதற்கும் முன்பே விழுந்தது. 1990 அக்டோபர் 29-இல் ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 674-ஆம் தீர்மானம், குவைத்துக்கும் பிற நாடுகளுக்கும் அந்நாட்டு மக்களுக்கும் நேர்ந்த இழப்புக்கெல்லாம் ஈராக்கே பொறுப்பு என்று சொன்னது. இழப்பு விவரங்களை இப்போதே சேகரியுங்கள் என்று எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. பிற நாட்டு மக்கள் என்று அங்கே எழுதப்பட்டதால்தான் நம் வெல்டரும், இலங்கையிலிருந்து வீட்டு வேலைக்குப் போன பெண்ணும் பின்னால் மனுப்போட முடிந்தது. அந்த வரி விடுபட்டிருந்தால் எல்லாம் குவைத் அரசுக்கும் எண்ணெய்க் கம்பெனிகளுக்கும் இடையிலான பஞ்சாயத்தாக முடிந்திருக்கும்.

1991 பிப்ரவரி இறுதியில் போர் ஓய்ந்தது. ஏப்ரல் 3-இல் 687-ஆம் தீர்மானம் ஒரு நிதியமும் ஓர் ஆணையமும் அமைக்கச் சொன்னது. அந்த ஆண்டு இந்தியா பாதுகாப்பு அவையில் உறுப்பினர், ஆதரித்து வாக்களித்தது. மே 20-இல் 692-ஆம் தீர்மானத்தால் ஐ.நா. நஷ்டஈட்டு ஆணையம் முறைப்படி பிறந்தது. மறுநாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த வாரத்தில் தமிழ்நாட்டில் யாருக்கு ஜெனீவா நினைவுக்கு வந்திருக்கும்?

இந்த ஆணையத்தை நீதிமன்றமாக அமைக்கவில்லை. யார் குற்றவாளி என்ற கேள்வியைப் பாதுகாப்பு அவையே முடித்துவிட்டது. யாருக்கு எவ்வளவு என்று சரிபார்ப்பது மட்டுமே ஆணையத்தின் வேலை. பாதுகாப்பு அவையின் பதினைந்து நாடுகளே ஆணையத்தின் ஆட்சிக் குழு. குவைத் ஆக்கிரமிப்பு நடந்து சரியாக ஓராண்டு நிறைந்த 1991 ஆகஸ்ட் 2-இல் அந்தக் குழு தன் முதல் முடிவை எடுத்தது. என் பார்வையில் இந்தக் கதையின் உண்மையான பிறந்தநாள் அதுதான்.

ஆயிரம் கோடி கேட்கும் கம்பெனிகள் பிறகு வரட்டும், தனிமனிதர்களின் மனுக்கள் முதலில் என்றது அந்த முடிவு. படையெடுப்பு நாளுக்கும் 1991 மார்ச் 2-க்கும் இடையில் ஈராக்கையோ குவைத்தையோ விட்டு வெளியேற நேர்ந்தவருக்கு 2,500 டாலர், குடும்பத்துக்கு 5,000 டாலர். வேறு எந்த வகையிலும் மனுப்போட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் 4,000, குடும்பத்துக்கு 8,000. என்ன சம்பளம் வாங்கினாய், எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தாய் என்ற விசாரணை இல்லை. அங்கிருந்து வெளியேறினேன், இந்தத் தேதியில் வெளியேறினேன் என்பதற்கு எளிய சான்று போதும். படுகாயத்துக்கும் சாவுக்கும் இரண்டாம் வகை. பறிபோன சம்பளம், வங்கிக் கணக்கு, வீட்டுச் சாமான், மன வேதனை எனக் கணக்குக் காட்டி ஒரு லட்சம் டாலர் வரை கேட்க மூன்றாம் வகை.

ஓடிவந்ததே இழப்பு என்று ஒத்துக்கொண்ட இந்த முடிவுக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். பட்டாவோடு நின்றுவிடும் நம்முடைய பழைய நிலமெடுப்புச் சட்டத்தை அறிந்தவருக்கு அதன் பெருமை புரியும்.

மனுவை நேராக ஜெனீவாவுக்கு அனுப்ப முடியாது. அவரவர் அரசு வழியாகத்தான் போக வேண்டும். தில்லியில் வெளியுறவு அமைச்சகத்தில் இதற்கென்று சிறப்புக் குவைத் பிரிவு ஒன்று வேலை செய்தது. நாடே இல்லாத பாலஸ்தீனர் போன்றவர்களின் மனுக்களை ஐ.நா. அமைப்புகள் கொண்டுபோயின. முதல் வகையில் மட்டும் உலகெங்கிலுமிருந்து ஒன்பது லட்சத்துக்கு மேல் மனுக்கள் குவிந்தன. ஒவ்வொன்றையும் ஆள் வைத்துப் படித்தால் அந்தத் தலைமுறையே முடிந்திருக்கும். அதனால் ஆணையம், எல்லைக் கடவுப் பதிவுகளையும் மீட்பு விமானங்களின் பயணிகள் பட்டியல்களையும் நாடு நாடாகத் திரட்டிக் கணினியில் ஏற்றி, மனுவில் உள்ள பெயரோடு ஒப்பிட்டது. பொருந்தினால் முடிந்தது. பொருந்தாதவற்றில் நாடுவாரியாக மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இத்தனை பேருக்கு இப்படி நீதி வழங்கிய முன்மாதிரி எதுவும் அவர்களுக்கு இல்லை.

ஆனால் பணம் இல்லை. ஈராக்கின் எண்ணெய் வருமானத்தில் 30 சதவீதம் வரை எடுக்கலாம் என்று 1991 ஆகஸ்டிலேயே முடிவாகியிருந்தது. ஆனால் ஈராக் மீது ஐ.நா. விதித்திருந்த பொருளாதாரத் தடையால் எண்ணெய் விற்பனையே நின்றுபோயிருந்தது, விற்க ஐ.நா. சொன்ன நிபந்தனைகளைச் சதாம் ஏற்கவில்லை. 1994-இல் காயம், சாவு வகைக்குச் சிறு தொகை முதலில் போனது. உணவுக்கு எண்ணெய் என்ற ஏற்பாட்டில் 1996 டிசம்பரில் ஈராக் எண்ணெய் மறுபடி சந்தைக்கு வந்த பிறகுதான் நிதி நிறைந்தது. மூழ்கிப்போன காசு என்று விட்டுவிட்டிருந்த வீடுகளுக்குத் தொகை வந்தது. அப்போது டாலர் 36 ரூபாயைச் சுற்றி இருந்தது. 4,000 டாலர் என்றால் ஒன்றரை லட்சத்துக்குக் கிட்டே. குறிஞ்சிப்பாடியில் அந்தக் காலத்தில் அது ஒரு குடும்பத்தை நிமிர்த்தி உட்கார வைக்கிற தொகை.

இந்தப் பணத்தைக் கட்டியது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். படையெடுக்கச் சொன்னவர் சதாம். ஈடு கட்டியது, அவரைத் தேர்ந்தெடுக்கவோ தடுக்கவோ வழியில்லாத ஈராக்கிய மக்கள். தடைக்காலத்தில் மருந்துக்கும் பாலுக்கும் திண்டாடிய அதே நாட்டின் எண்ணெயிலிருந்து பீப்பாய்க்கு இவ்வளவு என்று எடுக்கப்பட்டது. 2000-த்தில் 30 சதவீதத்தை 25 ஆக்கினார்கள். சதாம் வீழ்ந்த 2003-இல் 5 ஆனது. 2014-இல் ஐ.எஸ். படை மோசுலைப் பிடித்தபோது கட்டணத்தை நிறுத்திவைத்து, 2018-இல் மீண்டும் தொடங்கினார்கள். படையெடுப்பின்போது பிறந்தே இராத ஈராக்கியர்கள்கூட அதைக் கட்டி முடித்தார்கள். கடைசித் தவணை 2022 ஜனவரியில் போனது. மொத்தம் 15 லட்சம் பேருக்கும் நிறுவனங்களுக்கும் அரசுகளுக்குமாக 5,240 கோடி டாலர். நம் கூலிக்காரருக்கு அந்தப் பணம் நியாயமானது. ஈராக்கியக் குழந்தையின் பங்கிலிருந்து 30 சதவீதம் எடுத்தது நியாயமில்லை. வசதியான வளைகுடா அரசுகளும் போர் நடத்திய வல்லரசுகளும் அந்தப் பாரத்தில் ஒரு பகுதியைச் சுமந்திருக்கலாம், சுமக்கவில்லை.

அந்தக் கடைசித் தவணை யாருக்கு என்று பாருங்கள். குவைத் பெட்ரோலியக் கழகத்துக்கு. எண்ணெய்க் கிணறுகள் எரிந்து உற்பத்தி போனதற்கு அவர்களுக்குத் தீர்ப்பான 1,470 கோடி டாலர்தான் எல்லாவற்றிலும் பெரிய தொகை. வீட்டு வேலைக்காரப் பெண்ணும் வெல்டரும் வாங்கிக்கொண்டு போன பிறகு, இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து அந்தக் கழகம் தன் கணக்கை முடித்தது. உலகத்தில் வேறெங்கும் இந்த வரிசையை நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகு அரபு நாடுகளில் போர்களுக்குக் குறைவில்லை. 2011-இல் லிபியாவிலிருந்து சுமார் 15,000 இந்தியர்களை அரசு மீட்டது. 2015-இல் ஏமனிலிருந்து 4,600-க்கு மேற்பட்டவர்களை. 2023-இல் சூடானிலிருந்தும் கப்பலிலும் விமானத்திலும் கொண்டுவந்தார்கள். விமான நிலையத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். அவர்கள் விட்டுவந்த சம்பளத்துக்கும் சேமிப்புக்கும் ஆணையம் அமைக்க எந்த நாடும் கை தூக்கவில்லை. குவைத்தில் எண்ணெயும் பெரிய நாடுகளின் ஒற்றுமையும் இருந்தன. ஏமனில் அந்த அளவு எண்ணெயும் இல்லை, அந்த ஒற்றுமையும் இல்லை. உக்ரைனுக்காக 2023-இல் ஐரோப்பிய நாடுகள் இழப்புப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியிருக்கின்றன. அரபு மண்ணில் பிழைக்கப் போகும் நம்மவருக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று இந்தியா கேட்க வேண்டும். 1991-இல் பாதுகாப்பு அவையின் மேசையில் உட்கார்ந்திருந்த நாடு இது.

வளைகுடாவுக்குக் கிளம்பும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம், வேலை ஒப்பந்தம், அந்நாட்டு அடையாள அட்டை, மாதாமாதச் சம்பளச் சீட்டு, வீட்டுக்கு அனுப்பிய பணத்தின் ரசீது, இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நகலை அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுத்து வையுங்கள். அயலகத் தமிழர் நல வாரியத்தில் பெயரைப் பதிந்துவிட்டுப் போங்கள். நாளை ஈடு கேட்கும் நிலை வந்தால், உங்கள் பெயர் ஏதாவது ஒரு பட்டியலில் இருக்க வேண்டும்.