சிவப்பா, நீலமா? 'டிவிஷன்' விளையாட்டில் கவசத்துக்கு விலை வந்த கதை

கைமாறும் டாலர் நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்த பெரியம்மைக் கிருமி நியூயார்க்கையே காலி செய்துவிடுகிறது. 'தி டிவிஷன்' விளையாட்டின் கதை இதுதான். பிளாக் ஃப்ரைடே தள்ளுபடிக் கூட்டத்தில் நோட்டு நோட்டாகப் பரவும் நோய்! பி.காம் படிக்கிறவன் இதை விட்டுவிட்டு வேறு எந்த கேமை ஆடுவான், சொல்லுங்கள் :-)

ஆனால் நான் எழுத வந்தது கதையைப் பற்றி அல்ல. நான்கு பேர் சேர்ந்து ஆடும் இந்தத் துப்பாக்கி விளையாட்டில் "அடியும் வாங்கணும், அடிக்கவும் செய்யணும்" என்று ஒருவர் ஆசைப்பட்டால் எந்தச் சாமானை மாட்டிக்கொள்வது? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைக்க நான்கு வருடம் ஆனது. அந்த நான்கு வருடத்தின் வரலாறுதான் இது.

கேம் ஆடாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1999-ல் வந்த எவர்குவெஸ்ட், 2004-ல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மாதிரி விளையாட்டுகளில் வேலைப் பங்கீடு தெளிவானது. ஒருவர் முன்னால் நின்று எல்லா அடியையும் வாங்குவார், அவர்தான் டேங்க். ஒருவர் வைத்தியர். மற்றவர்கள் அடிப்பவர்கள். டேங்க் பெரிதாக அடிக்கத் தேவையில்லை. எதிரியைச் சீண்டித் தன் பக்கமே திருப்பி வைத்திருந்தால் போதும், சம்பளம் உண்டு.

துப்பாக்கி விளையாட்டில் இந்தப் பருப்பு வேகாது. எதிரி ஐம்பது மீட்டர் தள்ளி காருக்குப் பின்னால் ஒளிந்து சுடுகிறான். இன்னொருத்தன் பக்கவாட்டில் சுற்றி வருகிறான். உங்கள் கவசம் எவ்வளவு தடிமன் என்று அவனுக்கு என்ன கவலை? அடிக்காத டேங்க் இங்கே வெறும் தூண். அடி தாங்காத அடிதடிக்காரர் இரண்டு நொடியில் தரையில் கிடப்பார், அவரைத் தூக்கிவிட இன்னொருவர் ஓட வேண்டும், அவரும் விழுவார். அதனால் கலப்பு என்பது இங்கே ஆடம்பரம் அல்ல, கிட்டத்தட்ட கட்டாயம்.

ஸ்வீடனின் மால்மோ நகரத்தில் இருக்கும் மாசிவ் என்டர்டெயின்மென்ட் செய்து, யூபிசாஃப்ட் வெளியிட்ட முதல் டிவிஷன் மார்ச் 2016-ல் வந்தது. உடுப்பு ஆறு: மேல்கவசம், முகமூடி, முழங்கால் கவசம், முதுகுப்பை, கையுறை, துப்பாக்கி உறை. எண்கள் மூன்று: ஃபயர்ஆர்ம்ஸ் கூடினால் சுடும் பலம், ஸ்டாமினா கூடினால் உயிர், எலெக்ட்ரானிக்ஸ் கூடினால் கருவிகளின் பலம். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. உள்ளே போனால் தலைசுற்றல். தலையில் சுட்டால் ஒரு சதவீதம், கிரிட்டிக்கல் அடிக்கு ஒரு சதவீதம், பெரிய எதிரிகளுக்கென்று தனி சதவீதம்... ஒன்றின் மேல் ஒன்று பெருக்கிக்கொண்டே போகும். ஒரு ஸ்டாமினா கூட்டினால் எத்தனை அடியை இழக்கிறோம் என்று பேனா, பேப்பர் இல்லாமல் சொல்லவே முடியாது.

ஏப்ரல் 2016-ல் 'ஃபால்கன் லாஸ்ட்' என்ற கடினமான சவாலும், கூடவே நான்கு கியர் செட்களும் வந்தன. அவற்றில் இரண்டைப் பார்த்தாலே அன்றைய பிரச்சினை புரியும். ஸ்ட்ரைக்கர் போட்டால் தொடர்ந்து குண்டு படப்பட அடி ஏறும். நோமாட் போட்டால் சாகும் நேரத்தில் உயிர் திரும்ப வரும். அடி ஒரு கடையில், உயிர் வேறு கடையில். இரண்டு கடையிலும் ஒரே நேரத்தில் முழுச் சலுகை கிடையாது, ஏனென்றால் பெரிய சலுகைக்கு நான்கு உடுப்பு வேண்டும், உங்களிடம் இருப்பதோ ஆறு.

எதிரிகளோ குண்டுகளைப் பஞ்சு மாதிரி உறிஞ்சினார்கள். ஆட்கள் கொதித்துப்போய்விட்டார்கள். மாசிவ் செய்ததைப் பாராட்டத்தான் வேண்டும். அடுத்து வரவிருந்த விரிவாக்கங்களைத் தள்ளிவைத்து, சில ஆட்டக்காரர்களை மால்மோவுக்கே வரவழைத்துப் பேசினார்கள். அக்டோபர் 2016-ல் வந்த 1.4 அப்டேட்டில் எதிரிகளின் தாங்குசக்தி நன்றாகக் குறைந்தது. எதிரி சீக்கிரம் விழுகிறான் என்றால் உங்கள் அடியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து உயிரில் போடலாம். கலப்பு பில்ட் முதல் தடவையாக மூச்சுவிட்டது அப்போதுதான் என்பது என் கருத்து. பின்னால் வந்த டி3-எஃப்என்சி செட்டில் ஒரு கையில் கேடயம், மறு கையில் சப்மெஷின் கன் என்று இறங்க முடிந்தது. பார்க்கவே கெத்து!

மார்ச் 2019-ல் இரண்டாம் பாகம், இந்த முறை வாஷிங்டன். இங்கே ஒரு வினோதம் செய்தார்கள். பல திறமைகளுக்கு நிபந்தனை போட்டார்கள்: இத்தனை சிவப்பு இருந்தால்தான் வேலை செய்யும், இத்தனை நீலத்துக்கு மேல் போனால் வேலை செய்யாது. சிவப்பு அடி, நீலம் தற்காப்பு, மஞ்சள் கருவி. உடுப்பு வாங்கப் போய் வருமான வரிப் படிவம் நிரப்பிய அனுபவம். கலப்பை அனுமதித்தார்கள், ஆனால் எல்லைக்கோட்டில் சுங்கச்சாவடி வைத்தார்கள்.

மார்ச் 2020-ல் 'வார்லார்ட்ஸ் ஆஃப் நியூயார்க்' விரிவாக்கத்தோடு எல்லாவற்றையும் கலைத்துப்போட்டு மறுபடி அடுக்கினார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் மிகப் பெரிய திருப்பம் இதுதான். சாதாரணமாக ஒரு உடுப்புக்கு ஒரே ஒரு மூலக்குணம். சிவப்பு என்றால் அதிகபட்சம் 15 சதவீத ஆயுத அடி. நீலம் என்றால் அதிகபட்சம் 1,70,000 கவசம். மஞ்சள் என்றால் ஒரு ஸ்கில் படி. முடிந்தது! ஒரு நீலம் வேண்டுமா, ஒரு சிவப்பைக் கொடு. ஐந்து நிமிடத்தில் யாரும் கணக்குப் போடலாம்.

போட்டுத்தான் பார்ப்போமே. முதல் சிவப்பு உங்கள் அடியை 100-லிருந்து 115 ஆக்குகிறது, அதாவது 15 சதவீத ஏற்றம். ஐந்து சிவப்பு ஏற்கெனவே இருந்தால் 175. ஆறாவது அதை 190 ஆக்குகிறது. கூடியது அதே 15தான், ஆனால் 175-க்கு அது வெறும் 8.6 சதவீதம். இப்போது அந்த ஆறாவது இடத்தில் நீலம் போடுங்கள். நீலமே இல்லாமல் உங்களிடம் 7 லட்சம் கவசம் இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 1,70,000 கூடினால் 24 சதவீத ஏற்றம். எட்டரை சதவீதத்தைக் கொடுத்து இருபத்துநான்கு வாங்குகிறோம். பிளஸ் டூ பொருளியலில் மனப்பாடம் செய்தோமே, குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி, சாட்சாத் அதேதான். (ஆரஞ்சுப் பழ உதாரணத்தைத் தூக்கிவிட்டு இதைப் பாடப்புத்தகத்தில் போட்டால் பையன்கள் தூங்கமாட்டார்கள்.)

"அப்படியானால் மூன்று சிவப்பு, மூன்று நீலம்தானே சரி?" என்று கேட்பீர்கள். இல்லை. கவசமும் அடியும் சம மதிப்பு என்று நினைத்தால்தான் அந்தக் கணக்கு சரி. செத்த எதிரி சுடமாட்டான், எனவே அடியே பாதித் தற்காப்பு. மறைவிடம் இலவசக் கவசம். மறுபக்கம், ஹீரோயிக் கடினத்தில் மறைவை விட்டு வெளியே வரும் நொடிகளில் ஆறு சிவப்புக்காரர் கண்ணாடிப் பாத்திரம். நான்கு சிவப்பு, இரண்டு நீலம் என்பதே என் விருப்பம். தூரத்திலிருந்து சுடுகிறவருக்கு ஒரு நீலம்கூட அதிகம். எதிரியின் மூஞ்சிக்கு நேரே போய் நிற்கிறவருக்கு நான்கு நீலம்கூடக் குறைவு.

மூஞ்சிக்கு நேரே போகிறவர்களுக்குத்தான் இந்த அமைப்பில் உண்மையான விருந்து. 'அட்ரினலின் ரஷ்' திறமையுள்ள முதுகுப்பை, பத்து மீட்டருக்குள் எதிரி இருந்தால் கூடுதல் கவசம் தரும். அதுவும் உங்கள் மொத்தக் கவசத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்கில். 'இன்டிமிடேட்' திறமையுள்ள மேல்கவசமோ, அந்தக் கூடுதல் கவசம் இருக்கும்வரை பத்து மீட்டருக்குள் இருக்கும் எதிரிகள் மேல் உங்கள் அடியைப் பெருக்கும். நீலத்தில் போட்ட முதல் சிவப்பாகத் திரும்பி வருகிறது! 2016-ல் தனித்தனிக் கடையாக இருந்தது இப்போது ஒரே பில்லில். மேல்கவசத்தில் இன்டிமிடேட்டுக்குப் பதிலாக 'அன்பிரேக்கபிள்' போட்டால் கவசம் உடையும்போது ஒரு தடவை திரும்பக் கிடைக்கும். பயந்தவர்களுக்கு அது நல்லது. ஆனால் அடி ஏறாது.

கேடயப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. 'புல்வார்க்' கேடயம் பெரியது, ஆனால் கையில் பிஸ்டல் மட்டும்தான். 'குரூசேடர்' சிறியது, ஆனால் முதன்மை ஆயுதத்தால் சுடலாம். கலப்பு ஆட்டத்துக்கு குரூசேடர்தான், யோசிக்கவே வேண்டாம். கூடவே 'ஃபவுண்டரி புல்வார்க்' செட் போட்டால், வாங்கிய அடியில் ஒரு பகுதியைக் கவசமும் கேடயமும் மெதுவாகத் திரும்பப் பெறும்.

கடைசியாக 'மெமெண்டோ' முதுகுப்பை. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் ஒரே பையில் இருக்கும் அபூர்வம் இது. நீங்கள் கொன்ற எதிரி ஒரு அடையாளத்தை விட்டுப்போவான். அதைப் போய் எடுத்தால், உங்களிடம் எத்தனை சிவப்பு, எத்தனை நீலம், எத்தனை மஞ்சள் என்பதைப் பொறுத்துச் சலுகை. கொக்கி எங்கே என்றால், எடுக்க மறைவை விட்டு வெளியே நடக்க வேண்டும். மேலும் இதுவும் முதுகுப்பை, அட்ரினலின் ரஷ்ஷும் முதுகுப்பை. முதுகு ஒன்றுதான். இன்டிமிடேட் போட்டிருப்பவர் மெமெண்டோவை மாட்டினால் கூடுதல் கவசத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். ஓடிப்போய்ப் பொறுக்கத் தயார் என்றால் மெமெண்டோ, ஒருத்தன் பக்கத்திலேயே ஒட்டி நின்று சுடுவேன் என்றால் அட்ரினலின். மாடியில் படுத்துக்கொண்டு ஸ்னைப்பர் பிடிக்கும் நம் சோம்பேறி நண்பர்களுக்கு இரண்டுமே வேண்டாம்.