மணம் பொழுது சொன்ன காலம்: தமிழ்க் கவிதையில் ஐம்புலன்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு வரிசைப்படுத்துகிறது. தொட்டறிவது முதல் படி. அதன்மேல் சுவை, பிறகு மணம். பார்வை நான்காவதாகத்தான் வருகிறது. கேள்வி ஐந்தாவது, மனம் ஆறாவது. இதை உயிரியல் வகைப்பாடாகவே பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறோம். கவிதையியலோடு சேர்த்துப் படித்தால் இன்னொன்றும் புலப்படும். அதே நூலின் அகத்திணையியல் கருப்பொருள் என்று அடுக்குபவை தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை. ஒரு நிலத்தைப் பாட வருகிற புலவருக்கு அங்கே என்ன தெரிகிறது என்பது போதாது. என்ன உண்கிறார்கள், எந்தப் பறை முழங்குகிறது, யாழில் எந்தப் பண் எழுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆக, சுவையும் ஓசையும் இலக்கணத்துக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டன. பிற்காலத்தில் எந்தப் புலன்கள் முன்னுக்கு வந்தன, எவை பின்தங்கின, ஏன் என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

இந்த மரபின் உச்சம் என்று நான் கருதுவது நக்கீரரின் நெடுநல்வாடை. 188 அடிகளே கொண்ட அந்தப் பாட்டில் குளிர் என்பது வருணனைப் பொருளாக மட்டும் நிற்பதில்லை. ஒவ்வொருவர் வேலையையும் அது மாற்றுகிறது. வெள்ளத்துக்கு அஞ்சி மந்தையை மேட்டுக்கு ஓட்டிச் சென்ற கோவலர்கள் கையில் நெருப்பு இருந்தும் நடுங்குகிறார்கள். கறவை மாடு கன்றை உதைத்துத் தள்ளுகிறது. சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. குளிரால் யாழின் நரம்பு சுதி திரிந்துவிட, ஆடல் மகளிர் அதைத் தம் மார்பின் வெம்மையில் தடவிப் பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். தோலின் சூடு நரம்பில் ஏறி இசையாகும் இடம் இது. தொடுகையும் கேள்வியும் ஒரே செயலுக்குள் கலந்துவிடுகின்றன.

அதே பாட்டில் இன்னொரு காட்சி உண்டு. காட்சி என்று சொல்வதுகூடப் பொருந்தாது, ஏனென்றால் அங்கே கண் தோற்றுப்போகிறது. விடாத மழையால் பகலும் இரவும் வேறுபாடு தெரியவில்லை. வீட்டுப் புறாக்கள் இரை தேடப் போகாமல், இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நிற்கின்றன. பெண்கள் பூந்தட்டில் இட்டு வைத்த பித்திக அரும்புகள் விரிந்து மணக்கின்றன. அந்த மணத்தை வைத்தே மாலை வந்துவிட்டது என்று அறிந்து இரும்பு விளக்கில் திரியேற்றுகிறார்கள். மணம் இங்கே அழகுக்கு வரவில்லை. மணம் இல்லாவிட்டால் விளக்கு ஏற்றப்படாது. பாட்டும் மேலே நகராது.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்குகிறது. வியக்கத்தக்க அடுக்குதான். சில பூக்களுக்கு மணமே அடைமொழி. ஆனாலும் அந்த மணத்தால் பாட்டுக்குள் எதுவும் நிகழ்வதில்லை. புலனுணர்வு அடைமொழியாக வருவதற்கும் வினையாக வருவதற்கும் உள்ள இந்த வேறுபாடே, பின்வரும் நூற்றாண்டுகளை அளக்க எனக்குக் கிடைத்த அளவுகோல்.

வினையாக வருவதற்குக் குறுந்தொகையின் 167ஆம் பாட்டு இன்னொரு சான்று. கூடலூர் கிழார் பாடியது. மகளின் புதுக்குடித்தனத்தைப் பார்த்துவந்த செவிலி தாயிடம் சொல்வதாக அமைந்தது. கட்டித் தயிரைப் பிசைந்த விரலை ஆடையில் துடைத்து, அதை மாற்றாமலே உடுத்திக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்கிறான். அவள் முகம் மெல்ல மலர்கிறது. தயிரின் பிசுபிசுப்பு, புகையின் எரிச்சல், புளிப்பு, ஒரு சொல், ஒரு முகம். ஐந்து புலனையும் தொட வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. அடுப்படி வேலையை உள்ளபடி சொன்னதால் புலன்கள் தாமே வந்து சேர்ந்தன. பொருநராற்றுப்படையின் விருந்தும் இப்படித்தான்: சுட்ட இறைச்சியின் சூடு தாங்காமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி ஒதுக்கி உண்கிறான் பொருநன், தின்று தின்று பல், கொல்லை உழுத கொழுப்போல மழுங்குகிறது.

வள்ளுவர் ஐம்புலனை இரண்டு இடங்களில் ஒருசேரப் பேசுகிறார். நீத்தார் பெருமையில் அவற்றின் வகையை ஆராய்ந்தவனிடம் உலகமே அடங்கும் என்கிறார். காமத்துப்பாலில் அவை ஐந்தும் ஒரே பெண்ணிடம் நிறைவதாகத் தலைவனைச் சொல்ல வைக்கிறார். புலன் இப்போது தொகுத்துப் பேசும் கருத்தாகிவிட்டது.

பக்திப் பாடல்கள் அந்தக் கருத்துக்கு மீண்டும் உடல் கொடுத்தன. சுண்ணாம்பு நீற்றறையில் இட்டபோது அப்பர் பாடியதாக மரபு கூறும் பதிகம் வீணையொலி, மாலை நிலவு, வீசும் தென்றல், இளவேனில், வண்டு முரலும் பொய்கை என்று இறைவன் திருவடி நிழலைச் சொல்கிறது. சுடும் இடத்தில் தண்மையைப் பாடிய பாட்டு அது. ஆண்டாள் இன்னும் துணிகிறாள். நாச்சியார் திருமொழியில் வெண்சங்கைப் பார்த்து, மாதவனின் வாய்ச்சுவையும் மணமும் எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். சங்கைப் பொறாமையோடு விசாரிக்கும் அந்தக் கேள்வியில், தெய்வத்தைக் கண்ணால் காண்பதை விட நாவாலும் மூக்காலும் அறியும் ஆவல் முந்தி நிற்கிறது. அதற்கு இணையான துணிவை நம் இலக்கியத்தில் அரிதாகவே காண்கிறேன்.

12ஆம் நூற்றாண்டில் தண்டியலங்காரம் வருகிறது. தொல்காப்பிய உவமவியல் சொன்ன வினை, பயன், மெய், உரு ஆகியவற்றுள் பின்னிரண்டும் வடிவையும் நிறத்தையும், அதாவது பெரிதும் கண்ணைச் சார்ந்தவை. தண்டி பண்பு, தொழில், பயன் என்றதால் சுவைக்கும் மணத்துக்கும் கோட்பாட்டளவில் கதவு அகலமானது. நடைமுறையில் நேர்ந்தது வேறு. 35 பொருளணிகளின் இலக்கணம் கைக்கு வந்தபின் உவமைகள் உவமைகளிலிருந்தே பிறந்தன. மடக்கும் சிலேடையும் காதுக்கும் புத்திக்கும் விருந்து வைத்தன. விதிவிலக்குகள் உண்டு. முக்கூடற்பள்ளு நெல்லும் மீனும் மாடும் என வயலின் பொருள்களை அள்ளி வந்ததற்கு, அது உழுகிற மனிதர்களைப் பாடியதே காரணம்.

1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்த பிறகே நெடுநல்வாடையின் குளிர் பரவலாக வாசகருக்குத் திரும்பக் கிடைத்தது. பாரதி ஒரு சிறு பாடலில் காக்கைச் சிறகின் கருமை, மரங்களின் பசுமை, கேட்கும் ஒலி, தீக்குள் வைத்த விரல் என்று நான்கு அனுபவங்களில் நந்தலாலாவைக் காண்கிறார். இரண்டு கண்ணுக்கு, ஒன்று காதுக்கு, ஒன்று தோலுக்கு. நான்கிலும் வலிமையானது கடைசி. அங்கே விரல் ஏதோ செய்கிறது.

1959இல் சி.சு.செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழும், 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுப்பும் புதுக்கவிதையை நிலைநிறுத்தின. படிமம் அப்போது மந்திரச்சொல். படிமம் எல்லாப் புலனுக்கும் உரியதென்றாலும் கொண்டாடப்பட்டது பெரிதும் காட்சிப்படிமமே. 1970களின் வானம்பாடிக் கவிஞர்கள் மேடையின் காதை நம்பினார்கள். மணமும் சுவையும் தொடுகையும் மறுபடி வந்தது, 1988இல் பழமலயின் ‘சனங்களின் கதை’ போன்ற நூல்கள் உறவினரையும் ஊர் வேலையையும் பேச்சுமொழியில் எழுதத் தொடங்கியபோது. கூடலூர் கிழாரிடம் கண்ட அதே காரணம்தான்: வேலை கவிதைக்குள் வந்தால் உடலும் கூடவே வருகிறது.

கவிதைப் பட்டறை நடத்துவோருக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்களிடம் ஐந்து புலனுக்கும் ஐந்து அடைமொழி கேட்காதீர்கள். கை செய்யும் ஒரு வேலையை, மாவு பிசைவதையோ மீன் கழுவுவதையோ, தொடக்கம் முதல் முடிவுவரை எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன் நெடுநல்வாடையை ஒருமுறை உரக்கப் படித்துக்காட்டுங்கள்.