காணியில் கிடைத்த பொருளின் காலத்தை எப்படி அறிவது?

மீள்குடியேறிய கிராமங்களுக்குச் செய்தி சேகரிக்கப் போகும்போது, கிணறு வெட்டுகையிலும் அத்திவாரம் தோண்டுகையிலும் கிடைத்த பானையோடு, மணி, செப்புக்காசு என்பவற்றைச் சனங்கள் என்னிடம் காட்டுவதுண்டு. "இது எந்தக் காலத்தது?" என்பதற்குப் பொருளை மட்டும் பார்த்து விடை சொல்வது கடினம். அது கிடந்த மண்தான் முதற்சாட்சி.

1980இல் ஆனைக்கோட்டையில் நிலம் நிரப்ப மண் அள்ளப்பட்டபோது தொல்பொருட்கள் வெளிப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் அங்கு அகழ்வு செய்து, மனித எலும்புக்கூட்டுடன் வெண்கல முத்திரை ஒன்றைக் கண்டெடுத்தனர். அதன் மேல்வரியில் குறியீடுகள், கீழ்வரியில் பிராமி எழுத்து. எழுத்தின் வடிவம் கி.மு. 3ஆம் நூற்றாண்டளவைச் சுட்டியது. கூடக் கிடைத்த மட்பாண்டங்கள் அதைப் பெருங்கற்காலப் பண்பாட்டுடன் இணைத்தன. அதே முத்திரை மண் வண்டியோடு போயிருந்தால் வெறும் உலோகத் துண்டாகவே மிஞ்சியிருக்கும். வரலாறே சர்ச்சையாக்கப்படும் எங்கள் நிலத்தில் இது சின்ன இழப்பல்ல.

காலத்தைக் கணிக்கும் வழிகள்:

மண்படை: குழப்பப்படாத நிலத்தில் கீழ்ப்படை பழையது, மேற்படை புதியது.

மட்பாண்டம்: கறுப்பு-சிவப்பு ஓடுகள் பெருங்கற்காலக் குடியிருப்புகளில் பரவலாகக் கிடைப்பவை. கந்தரோடையிலும் இவை கிடைத்துள்ளன.

எழுத்தும் நாணயமும்: எழுத்து வடிவமும் காசிலுள்ள சின்னமும் காலத்தைக் குறுக்கித் தரும்.

காபன் 14: கரி, எலும்பு, மரம் போன்று ஒருகாலத்தில் உயிரோடிருந்தவற்றுக்கே பொருந்தும். காபன் 14 சுமார் 5,730 வருடங்களில் பாதியாகும். கல்லையும் உலோகத்தையும் இப்படிக் கணிக்க முடியாது. அருகே கிடந்த கரியைச் சோதிப்பார்கள்.

ஆய்வுகூட எண் மட்டும் போதாது. 2018இல் மன்னார் சதொச வளாகத்தில் கட்டட வேலையின்போது வெளிப்பட்ட புதைகுழியில் 300இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் மீட்கப்பட்டன. 6 மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டன. அவை பல நூற்றாண்டுகள் பழையவை என 2019 மார்ச்சில் அறிக்கை வந்தது. 6 மாதிரிகள் முழுப் புதைகுழிக்கும் பதிலாகுமா என்று காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தரப்பு கேட்டது. மாதிரி எந்தப் படையிலிருந்து வந்தது, கூடவே என்ன கிடந்தது என்பவற்றோடு சேர்த்தே அந்த எண்ணை வாசிக்கவேண்டும்.

உங்கள் காணியில் ஏதாவது கிடைத்தால்:

தோண்டுவதை நிறுத்துங்கள். அடையாளம் தெரியாத உலோகத்தைத் தொடவேண்டாம், வெடிபொருளாக இருக்கலாம். எலும்பு என்றால் பொலிஸுக்கு அறிவியுங்கள். நீதவானின் உத்தரவின்றிக் கிளறக்கூடாது.

கழுவவோ, புளி போட்டு விளக்கவோ வேண்டாம். கிடந்த இடத்திலேயே, அருகில் அடிமட்டம் வைத்துப் படமெடுங்கள். ஆழத்தையும் திகதியையும் குறியுங்கள்.

1815 மார்ச் 2இற்கு முந்திய பொருட்களை 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் பாதுகாக்கிறது. கண்டெடுத்ததை அறிவிக்கவேண்டும். அறிவித்தால் காணி பறிபோகும் என்ற பயத்தை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். வடக்கு கிழக்கில் நடந்தவற்றைப் பார்த்தவர்களிடம் அது வீண்பயம் என்று சொல்லமுடியாது. ஆனால் ஒளித்தாலும் விற்றாலும் பொருளின் காலமும் சேர்ந்தே தொலைகிறது. ஆகவே எழுத்தில் அறிவியுங்கள். பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள். படங்களின் ஒரு தொகுதியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கும் கொடுத்துவையுங்கள்.