இளம்பருவ உளக்காயமும் தேர்வுசார் புலக்காட்சியும்: ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலை முன்வைத்து

முன்னுரை

இளம்பருவத்தில் நேர்ந்த உளக்காயத்தைப் புனைவு நினைவுகூரும்போது நடந்தவை அனைத்தும் அதில் இடம்பெறுவதில்லை. மனம் தனக்கு நெருக்கமானவற்றைப் பற்றிக்கொள்கிறது; ஏனையவை மங்கிவிடுகின்றன. உளவியலார் இதனைத் தேர்வுசார் புலக்காட்சி என்பர். இத்தகைய புனைவை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர் அதில் எதைத் தேட வேண்டும் என்பதை அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) நாவலைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

வரலாற்றுப் பின்னணி

1947இல் ஐதராபாத் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைய மறுத்தது. காசிம் ரஸ்வியின் தலைமையில் ரசாக்கர்களின் வன்முறை பெருகியது. 1948 செப்டம்பர் 13ஆம் நாள் இந்தியப் படை உள்ளே நுழைந்தது. ஐந்து நாள்களில் நிஜாம் அரசு பணிந்தது. அதையொட்டி இஸ்லாமியர்மீது பழிவாங்கும் தாக்குதல்கள் நிகழ்ந்தன. நேரு அனுப்பிய சுந்தர்லால் குழு, இறந்தோர் தொகை குறைந்த அளவில் 27,000 முதல் 40,000 வரை இருக்கும் என மதிப்பிட்டது. அவ்வறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படவில்லை.

புலக்காட்சியின் எல்லை

1931இல் செகந்தராபாத்தில் பிறந்த அசோகமித்திரன் இந்நிகழ்வுகளின்போது பதினேழு வயதை நெருங்கியிருந்தார். நாவலின் சந்திரசேகரனும் ஏறத்தாழ அதே பருவத்தினன்; ரயில்வே ஊழியரின் மகன். கிரிக்கெட், கல்லூரி, அண்டை வீடுகள் ஆகியனவே அவன் உலகம். அரசியல் அதனுள் வதந்தியாகவும், பழகியவர்களின் நடத்தை மாற்றமாகவும் நுழைகிறது. நல்கொண்டா, வாரங்கல் பகுதிகளை உலுக்கிய உழவர் கிளர்ச்சி நாவலின் மையத்துக்கு வரவில்லை. இந்த விடுபாட்டை ஆசிரியரின் அறியாமை எனக் கொள்வது பொருந்தாது. நகரத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்து இளைஞனின் அச்சம் எதை எட்டியதோ அதுவே பதிவாகியுள்ளது.

நினைவின் மறுஆக்கம்

நினைவு என்பது சேமித்ததை அப்படியே எடுத்துத் தருவதன்று. முன்னறிவின் துணையால் ஒவ்வொரு முறையும் மீண்டும் கட்டப்படுவது என 1932இல் பார்ட்லெட் நிறுவினார். நிகழ்வுக்கும் நாவலுக்கும் இடையே 29 ஆண்டுகள் கடந்துள்ளன. தன்மையிலும் படர்க்கையிலும் மாறிமாறிச் செல்லும் கதைகூறல் இவ்விடைவெளியை வெளிப்படையாக்குகிறது: அனுபவித்தவனும் நினைவுகூர்பவனும் ஒருவரல்லர்.

நாவலின் இறுதிக் காட்சி இவ்வாய்வுக்கு முதன்மையானது. கலவரத்தின் நடுவே ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடும் சந்திரசேகரன்முன், தன் குடும்பத்தைக் காக்க ஓர் இஸ்லாமியப் பெண் தன் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அவன் வெட்கி ஓடுகிறான். இங்கு இரு தேர்வுசார் புலக்காட்சிகள் மோதுகின்றன. அதுவரை தன்னை அச்சுறுத்தப்படுபவனாக மட்டுமே கண்டவன் அவள் கண்ணில் அச்சுறுத்துபவனாகிறான். அவளும் அவனைத் தனியொருவனாகக் காணவில்லை. தாக்க வந்த கூட்டத்தின் ஓர் ஆளாகவே காண்கிறாள். அவன் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த கணிப்பு அக்கணத்தில் தகர்கிறது.

எனினும் வாசகருக்குக் கிடைப்பது அவன் அவமானம் மட்டுமே. அவன் ஓடியபின் அவளுக்கு நேர்ந்தது கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. பெரிதும் காயப்பட்டவரின் நினைவு, கண்டு அதிர்ந்தவரின் நினைவுக்குள் மறைந்துபோகிறது.

முடிவுரை

அறிக்கை மறைக்கப்பட்டிருந்த காலத்தில் இந்நாவல் அவ்வன்முறையின் ஒரு கணத்தையேனும் தமிழில் நிலைநிறுத்தியது. ஆயினும் இறந்தோர் எண்ணிக்கைக்கோ நிகழ்வு வரிசைக்கோ அதனைச் சான்றாக்க இயலாது. ஒரு தரப்பின் அச்சம் எதைக் கண்டது, எதைக் காணாமல் விட்டது என்பதற்கே அது சான்று. எனவே திரிபைக் குறையெனக் கருதித் திருத்த முனைவதைவிட, அது யாருடைய துயரை முன்னிறுத்தி யாருடையதைப் பின்தள்ளுகிறது எனக் கண்டறிவதே ஆய்வாளர் கடனாகும்.