கால்குலேட்டர் சட்டைப் பைக்குள் வந்த கதை

கல்லூரி மாணவர் ஒருவரின் பையைத் திறந்து பாருங்கள். செல்பேசி, அதற்கு மின்னேற்றும் சார்ஜர், காதில் மாட்டும் இயர்போன் ஆகியவற்றோடு பெரும்பாலும் ஒரு சயன்டிஃபிக் கால்குலேட்டரும் இருக்கும். இவற்றுள் மதிப்புக் குறைந்த பொருள் எது என்று கேட்டால் தயங்காமல் கால்குலேட்டரைத்தான் காட்டுவார். ஆனால் வரலாற்றை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். செல்பேசியை இயக்கும் நுண்செயலி என்ற பொருள் முதன்முதலில் விற்பனைக்கு வந்ததே ஒரு கால்குலேட்டருக்காகத்தான். சாதுவாகப் பையின் மூலையில் கிடக்கும் அந்தக் கருவியின் கதை சுவையானது.

மின்னணுவியல் தோன்றுவதற்கு முன் இயற்பியல் மாணவர்கள் எவ்வாறு கணக்கிட்டார்கள்? இதற்கு விடை தேட 1614-ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். ஸ்காட்லாந்து நாட்டு நிலக்கிழாரான ஜான் நேப்பியர் அவ்வாண்டில்தான் மடக்கைகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். இரண்டு எண்களைப் பெருக்க வேண்டுமா? அவற்றின் மடக்கைகளைக் கூட்டுங்கள், கூட்டுத்தொகைக்கு எதிர் மடக்கை காணுங்கள், விடை வந்துவிடும். பெருக்கல் கூட்டலாகவும், வகுத்தல் கழித்தலாகவும், வர்க்கமூலம் இரண்டால் வகுப்பதாகவும் எளிதாகிவிடுகின்றன. நூலைப் படித்த லண்டன் பேராசிரியர் ஹென்றி பிரிக்ஸ் மறு ஆண்டே எடின்பரோவுக்குப் பயணமானார். பத்தை அடியாகக் கொண்டால் இன்னும் வசதி என்று இருவரும் முடிவு செய்தனர். 1624-இல் பிரிக்ஸ் முப்பதாயிரம் எண்களின் மடக்கைகளைப் பதினான்கு தசம இலக்கங்கள் வரை கணக்கிட்டு அச்சிட்டார். எல்லாம் கையால் போட்ட கணக்கு!

அந்த அட்டவணைகளின் வழித்தோன்றல்கள் நம் ஊருக்கும் வந்தன. கிளார்க் அட்டவணை என்ற பெயரைக் கேட்டதும் தம் ஆய்வுக்கூட நாட்களை நினைத்துக்கொள்ளும் பெரியவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

அட்டவணையைப் புரட்டுவதற்கும் நேரமில்லாத பொறியியலாளர்கள் ஸ்லைடு ரூல் எனப்படும் நழுவு கோலைப் பயன்படுத்தினார்கள். வில்லியம் ஆட்ரெட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஏறத்தாழ 1622-இல் கண்டுபிடித்த கருவி இது. தத்துவம் எளிது. நீங்களே அட்டையில் செய்து பார்க்கலாம். 25 செ.மீ. நீளமுள்ள பட்டை ஒன்றில், தொடக்கத்தில் 1 என்றும் முடிவில் 10 என்றும் குறியுங்கள். ஒவ்வோர் எண்ணையும் அதன் மடக்கைக்குத் தக்க தொலைவில் குறிக்கவேண்டும். 2-இன் மடக்கை 0.301, ஆகவே அது ஏறத்தாழ 7.5 செ.மீ.-இல் அமையும். 3-இன் மடக்கை 0.477, அது 11.9 செ.மீ.-இல். இதேபோல் இன்னொரு பட்டையும் செய்து, ஒன்றின் 2-ஐ மற்றொன்றின் 1-க்கு நேராக நிறுத்துங்கள். இரண்டாவது பட்டையின் 3-க்கு நேராக முதற்பட்டையில் எது நிற்கிறது? 7.5-உம் 11.9-உம் சேர்ந்தால் 19.4 செ.மீ. ஏறக்குறைய அங்கேதான் 6 இருக்கிறது. நீளங்களைக் கூட்டினோம், எண்கள் பெருகின.

இக்கருவிக்கு ஒரு விசித்திரமான குறை உண்டு. 2-ஐ 3-ஆல் பெருக்கினாலும், 20-ஐ 30-ஆல் பெருக்கினாலும், 0.02-ஐ 3-ஆல் பெருக்கினாலும் கோல் காட்டுவது ஒரே இடத்தைத்தான். விடை 6-ஆ, 600-ஆ, 0.06-ஆ என்பதைக் கோல் சொல்லாது. பயன்படுத்துபவர்தான் மனத்தில் தோராயமாகக் கணக்கிட்டுப் புள்ளியை வைக்கவேண்டும். மேலும், 25 செ.மீ. கோலில் மூன்று இலக்கங்களுக்கு மேல் படிக்க இயலாது. இந்த இரு குறைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

மூன்று இலக்கங்கள் போதும் என்று இருந்தவர்களே பாலங்களைக் கட்டினார்கள், விமானங்களை வடிவமைத்தார்கள். 1969-இல் சந்திரனுக்குச் சென்ற எட்வின் ஆல்ட்ரின் தம்முடன் ஒரு நழுவு கோலை எடுத்துச் சென்றார்.

மின்னணு முறையில் கணக்கிடும் மேசைக் கருவிகள் 1960-களில் வந்தன. 1961-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த அனிட்டா, வெற்றிடக் குழாய்களால் இயங்கியது. 1964-இல் ஜப்பானின் ஷார்ப் நிறுவனம் டிரான்சிஸ்டர்களைக் கொண்டு செய்த கருவியின் எடை 25 கிலோகிராம். விலை 5,35,000 யென். ஏறத்தாழ ஒரு காரின் விலை! மாணவர் அதை விலைக்கு வாங்குவது இருக்கட்டும், தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வருவதே முடியாத செயல். (சட்டைப் பைக்கு அடங்கும் இயந்திரம் அப்போதும் ஒன்று இருந்தது. 1948-இல் வெளிவந்த குர்ட்டா என்னும் அதில் மின்சாரமே இல்லை; மிளகு அரைக்கும் சிறு உருளை போன்றது, கைப்பிடியைச் சுற்றினால் பற்சக்கரங்கள் கணக்கிடும். அதை உருவாக்கிய குர்ட் ஹெர்ட்ஸ்டார்க், நாஜிகளின் பூக்கன்வால்டு சிறைமுகாமில் அடைபட்டிருந்தபோது வரைபடங்களை முடித்தார். தனிக் கட்டுரைக்கு உரிய கதை அது.)

எடையைக் குறைக்க ஒரே வழி, பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்குவதுதான். இந்தத் தொகுசுற்று முறையை 1958-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஜாக் கில்பி செய்து காட்டினார். அதற்காக 2000-ஆம் ஆண்டில் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். சில்லு வந்தாலும் அதைப் பொதுமக்கள் வாங்கும் பொருள் எதில் வைப்பது? இக்கேள்விக்கு விடையாகத்தான் கில்பி, ஜெரி மெரிமேன், ஜேம்ஸ் வான் டாசல் ஆகிய மூவரும் 1967-இல் கையடக்கமான ஒரு கால்குலேட்டரைச் செய்து முடித்தனர். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் மட்டுமே அது அறியும். விடையைக் காகித நாடாவில் வெப்பத்தால் அச்சிட்டுத் தரும். ஒரு கிலோகிராமுக்கும் அதிகமான எடை.

அடுத்த திருப்பம் ஜப்பானியர் கேட்ட ஓர் உதவியால் நேர்ந்தது. பிசிகாம் என்ற ஜப்பானிய நிறுவனம் தன் கால்குலேட்டர்களுக்கு ஏறக்குறைய ஒரு டஜன் தனித்தனிச் சில்லுகள் வேண்டும் என்று 1969-இல் அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தை அணுகியது. இன்டெல்லின் டெட் ஹாஃப் வேறொரு யோசனை சொன்னார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சில்லு ஏன்? கட்டளைகளைப் படித்து எந்த வேலையையும் செய்யும் பொதுவான ஒரே சில்லு இருந்தால், கட்டளைகளை மாற்றினாலே போதுமே! ஃபெடரிகோ ஃபாகின், ஸ்டான்லி மேசர், பிசிகாமிலிருந்து வந்த மசடோஷி ஷிமா ஆகியோரின் உழைப்பால் அந்த யோசனை சிலிக்கானில் உருப்பெற்றது. 2,300 டிரான்சிஸ்டர்களைக் கொண்ட அந்த 4004 என்ற சில்லுதான் தனியாக விற்பனைக்கு வந்த முதல் நுண்செயலி. முதலில் அதன் உரிமை பிசிகாமிடமே இருந்தது. இன்டெல் 60,000 டாலரைத் திருப்பித் தந்து உரிமையை மீட்டது. 1971 நவம்பரில் உலகுக்கு அறிவித்தது. பிசிகாம் பிற்பாடு நொடித்துப்போயிற்று. வரலாற்றில் இதைவிட மலிவான விற்பனை அதிகம் இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் நான்கு அடிப்படைச் செயல்களை மட்டும் செய்யும் கருவி நழுவு கோலை வீழ்த்த முடியாது. பொறியியல் மாணவருக்கு சைன் வேண்டும், டேஞ்சன்ட் வேண்டும், மடக்கை வேண்டும். ஹியூலெட்-பாக்கார்டு நிறுவனம் 1968-இல் இவற்றையெல்லாம் செய்யும் மேசைக் கருவி ஒன்றை விற்றது. எடை சுமார் 18 கிலோகிராம். நிறுவனர்களுள் ஒருவரான பில் ஹியூலெட், இதை என் சட்டைப் பைக்குள் அடங்கும்படி செய்யுங்கள் என்று பொறியியலாளர்களைக் கேட்டுக்கொண்டார். இவ்வளவு விலையில் இது விற்காது என்று சந்தை ஆய்வு சொல்லிற்று. அவர் கேட்கவில்லை. 35 பொத்தான்கள் கொண்டதால் எச்.பி.-35 என்று பெயர்பெற்ற அக்கருவி 1972-இல் 395 டாலருக்கு வந்தது. அன்றைய மாற்று விகிதப்படி ஏறக்குறைய 3,000 ரூபாய். முதலாண்டிலேயே சுமார் ஒரு லட்சம் கருவிகள் விற்றன.

கூட்டவும் இலக்கங்களை நகர்த்தவும் மட்டுமே தெரிந்த சில்லு, மடக்கையை எவ்வாறு கண்டது? எந்த எண்ணையும் 2, 1.1, 1.01, 1.001 போன்ற சில எண்களின் பெருக்கலாக, வேண்டிய அளவு நெருக்கமாக எழுதிவிடலாம். எடுத்துக்காட்டாக 2.2 என்பது 2 × 1.1. எனவே 2-இன் மடக்கையையும் 1.1-இன் மடக்கையையும் கூட்டினால் போதும். 1.1-ஆல் பெருக்குவதும் கடினமன்று. எண்ணை ஓர் இலக்கம் நகர்த்தி அதனுடனேயே கூட்டுவதுதான். ஆக, சில்லு நினைவில் வைக்க வேண்டியவை ஒருசில மடக்கைகளே. மடக்கை அட்டவணையை ஒழித்த கருவியின் வயிற்றுக்குள்ளேயே ஒரு குட்டி மடக்கை அட்டவணை இருந்தது! சைன், டேஞ்சன்ட் ஆகியவற்றுக்கும் இதுபோன்ற ஓர் உத்திதான். விமானத்தின் வழிகாட்டும் கருவிக்காக ஜாக் வோல்டர் என்பவர் 1950-களின் இறுதியில் வகுத்த முறை அது.

இந்த அருமையான கருவியில் ஒரு பிழையும் இருந்தது. 2.02-இன் இயல் மடக்கையைக் கண்டு, உடனே அதற்கு எதிர் மடக்கை கண்டால் மீண்டும் 2.02 வரவேண்டும். எச்.பி.-35 காட்டியதோ 2. அதாவது 2 × 1.01 என்பதில் 1.01 காணாமல் போயிற்று. ஆயிரக்கணக்கான கருவிகள் விற்ற பின்பே இது தெரியவந்தது. நிறுவனம் வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, வேண்டியவர்களுக்குத் திருத்தித் தந்தது. தவறான அந்த 2-உம் சரியான விடைகளைப் போலவே சிவப்பு எழுத்தில் பளிச்சென்று ஒளிர்ந்தது என்பதை மட்டும் கவனியுங்கள்.

பிறகு விலைகள் சரிந்த வேகம் இன்றும் வியப்பளிக்கிறது. 1974-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 170 டாலருக்கு ஒன்றை விற்றது. 1976-இல் அதே நிறுவனத்தின் டி.ஐ.-30 விற்ற விலை 24.95 டாலர். நான்கே ஆண்டுகளில் பதினாறில் ஒரு பங்கு! இதற்கிடையே 1973-இல் ஷார்ப் நிறுவனம் திரவப் படிகத் திரையைப் பொருத்தியதால், ஒரே பேனா பாட்டரியில் நூறு மணி நேரம் கருவி ஓடியது. அமெரிக்காவின் பெயர்பெற்ற நழுவு கோல் நிறுவனமான கேஃபல் அண்டு எஸ்ஸர் 1976-இல் அவற்றைச் செய்வதை நிறுத்திக்கொண்டது. முந்நூற்றைம்பது ஆண்டு வாழ்ந்த கருவி, நான்கு ஆண்டுகளில் அலமாரிக்குள் போய்விட்டது.

தேர்வுக்கூடங்களில் இதனால் சச்சரவு எழுந்தது இயல்பே. 395 டாலர் கொடுக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் ஒரே வினாத்தாள் நியாயமாகுமா? விலை இறங்கியதும் இந்த வாதம் வலுவிழந்தது. பிள்ளைகள் மனக்கணக்கை மறந்துவிடுவார்கள் என்ற வாதம் அதன் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் சாட் தேர்வில் 1994-இல்தான் கால்குலேட்டர் அனுமதிக்கப்பட்டது.

மனக்கணக்கு போனதைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. 7.86-ஐ 4.93-ஆல் வகுக்கத் தெரிந்ததால் ஒருவர் இயற்பியலில் சிறந்துவிடுவதில்லை. வருத்தமெல்லாம், நழுவு கோலின் அந்த இரு குறைகளும் கூடவே போய்விட்டன என்பதுதான். ஆய்வுக்கூடத்தில் தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 1 மீட்டர். 20 அலைவுகளுக்கு ஆன நேரம் 40.1 வினாடி. கால்குலேட்டரில் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 9.82044082 மீ/வி² என்று வருகிறது. பல மாணவர்கள் அதை அப்படியே பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். எட்டுத் தசம இலக்கங்கள்!

இப்போது கடிகாரத்தை 0.1 வினாடி முந்தி நிறுத்தியதாகக் கொள்ளுங்கள். நேரம் 40.0 வினாடி, விடை 9.87. பிந்தி நிறுத்தியிருந்தால் 40.2 வினாடி, விடை 9.77. நம் விரலின் தயக்கமே 0.1 வினாடிக்கு மேல் இருக்கும். ஆகவே முதல் தசம இலக்கத்தோடு நம் அறிவு தீர்ந்துபோகிறது. அதற்கு அப்பால் உள்ள இலக்கங்களைத் தந்தது ஊசலன்று, சில்லு. நழுவு கோல் வைத்திருந்த மாணவர் 9.82 என்று எழுதியிருப்பார்; அதற்கு மேல் எழுத அவருக்கு வழியில்லை. புள்ளியை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டியிருந்ததால் 98.2 என்றும் எழுதியிருக்கமாட்டார். இன்றோ ஒரு பொத்தான் தவறி 982 என்று வந்தாலும், அதையும் எழுதிவிட்டுக் கையொப்பத்திற்குக் காத்து நிற்பவர்களைப் பார்க்கிறோம்.

கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 20 அலைவுகளுக்குப் பதில் 50 அலைவுகளை எண்ணிப் பாருங்கள். மொத்த நேரம் ஏறத்தாழ 100 வினாடி; அதே 0.1 வினாடிப் பிழை இப்போது ஆயிரத்தில் ஒன்றுதான். நேரத்தின் வர்க்கம் வருவதால் விடையில் அது ஆயிரத்தில் இரண்டாகும், அதாவது சுமார் 0.02. அப்போது இரண்டாம் தசம இலக்கத்தை ஓரளவு நம்பி எழுதலாம். மூன்றாவது இலக்கம் வேண்டுமானால் ஸ்டாப் வாட்சையும் மில்லிமீட்டர் அளவுகோலையும் மாற்றவேண்டியிருக்கும்.